குருசாமி வீட்டு நிலைவாசல்

நாகஜோதி கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அவள் பிறந்த வீட்டு நிலைவாசல் முதன்முதலாக அவள் தலையில் இடித்தது. மாப்பிள்ளை திலீபன் நல்ல வளர்த்தி, அவனே குனியவில்லை, பட்டு வேட்டி சரசரக்க நேராக உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னாலேயே ஆரத்திப் பொட்டோடு வலது காலை எடுத்து வைத்தவள், பிறந்ததிலிருந்து ஓடியும் குதித்தும் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிந்தும் புகுந்து புறப்பட்ட அதே வாசலில், உச்சந்தலையில் ஒரு இடி வாங்கி, வைத்திருந்த கனகாம்பரம் எல்லாம் சிதற நின்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தோம். கல்யாண மயக்கத்தில் பிள்ளைக்குக் கண்ணு தெரியவில்லை என்று ஒருத்தி சொல்ல, அதற்கும் சிரித்தோம். அவள் மட்டும் மேலே பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து உள்ளே போனாள்.

நான் எதிர்வீட்டுக்காரி, பெயர் விஜயா. இந்தச் செக்கடித் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இங்கேயே தலை நரைத்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும், வாய் நீளமாக இருக்கிறதால்தான் இந்தக் கதை உங்களுக்குக் கிடைக்கிறது. வாய் குட்டையாக இருக்கிறவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தார்கள்.

ஆடி மாதம் வழக்கப்படி குருசாமி அண்ணன் போய் மகளைச் சாத்தூரிலிருந்து அழைத்து வந்தார். அந்த முறை வாசல் அவளுக்குத் தோள் உயரம்தான் இருந்தது. அவருக்கு அது அதே வாசல், அவர் மகன் ஜெயவேல் தன் கடைக்கு வாங்கிய பிளாஸ்டிக் பைப்புகளை நட்டக்குத்தலாகத் தோளில் சாத்திக்கொண்டு அதே வாசலில்தான் உள்ளே போனான், பால்காரனுக்கும் கேஸ்காரனுக்கும் கொசுமருந்து அடிக்க வந்தவனுக்கும் அதே வாசல். இவள் காலைத் தூக்கினால் மட்டும் மேல்கட்டை இறங்கிவரும், இவள் பின்வாங்கினால் ஏறிப் போய்விடும். மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதனால் அந்த ஆடி முழுக்க அவள் கோயிலுக்குக்கூடப் போகவில்லை, வெளியே போனால்தானே உள்ளே வர வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். மாசக் கடைசியில் புருஷன் வந்து கூப்பிட்டபோது, நடுக்கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமான புதிதில் எல்லாப் பெண்களும் அழுவார்கள் என்று நாங்கள் அதையும் கணக்கில் எடுக்கவில்லை.

தலை தீபாவளிக்கு வந்தபோது தவழ்ந்துதான் உள்ளே போனாள். பட்டுப்புடவையோடு, கழுத்தில் போட்ட நகையோடு, நாலு காலில் தவழ்ந்து போன மகளைப் பார்த்து அவள் அம்மா சீனியம்மாள் மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். திலீபன் உள்ளே உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டே, "ஏன், கொஞ்சம் சுருக்கா வரக்கூடாதா?" என்று கேட்டான்.

குருசாமி அண்ணன் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாளே தாமோதரன் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசாரி டேப்பைப் பிடித்து அளந்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், நிலையில் செல் அரித்திருக்கிறதா என்று உளியால் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நாகஜோதியை ஒரு தடவை காலை எடுத்து வைக்கச் சொன்னார். அவள் எடுத்து வைத்தாள், மேல்கட்டை இறங்கியது, ஆசாரி அதைத் தன் கண்ணால் பார்த்தார், பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"மரத்துல பழுது இல்லண்ணே. சுவர்லயும் பழுது இல்ல. பிள்ளையைக் கட்டிக்குடுத்தாச்சுல்ல, அதான்."

அதான். அந்த ஒரு சொல் தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. பொங்கல் வருவதற்குள் யாரிடம் கேட்டாலும் அதான் என்றார்கள், ரேஷன் கடை வரிசையில் அதான் என்றார்கள், தண்ணி லாரிக்குக் குடம் போட்டுவிட்டு நிற்கும்போது அதான் என்றார்கள், கரண்டு ஏன் போகிறது, தக்காளி ஏன் விலை ஏறுகிறது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிற ஜனம் இதற்கு மட்டும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லைப்பக்க வாசலும் அவளுக்கு அதே அளவுதான் இருந்தது. சன்னலில் கம்பி. ஏணி வைத்து மொட்டைமாடி ஏறி, படி வழியாக உள்ளே இறங்கலாமே என்று நான்தான் சொன்னேன், ஜெயவேல் என்னை முறைத்துப் பார்த்து, "கட்டிக்குடுத்த பொண்ணு ஏணி வச்சு வீட்டுக்குள்ள இறங்கினா ஊரு காறித் துப்பாதா?" என்றான். பொங்கலுக்கு அவள் வந்தபோது தவழ்ந்தும் போக முடியவில்லை. வாசலுக்கு வெளியே பாயை விரித்து உட்காரவைத்து, உள்ளே இருந்து சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். அவள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி நீட்டினாள்.

இதெல்லாம் ஒரு வீட்டுக் கஷ்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, தரகர் மாடசாமிக்கு இதில் வேறு ஒன்று தெரிந்திருக்கிறது. அந்த மனுஷன் பக்கத்து ஊர்களில் எல்லாம் போய், எங்கள் தெருப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு தொந்தரவும் வராது, கோவித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன் என்கிற பேச்சுக்கே இடமில்லை, போனாலும் வாசல் விடாது என்று சொல்லிவைக்க, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு அது தேனாக இனித்திருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் அதற்குப் பிறகு காபியைக் கையில் வாங்கின கையோடு, பொண்ணு என்ன படித்திருக்கிறாள் என்று கேட்கவில்லை, ஜாதகத்தை எடுங்கள் என்று சொல்லவில்லை, "உங்க வீட்டு வாசல் எப்படி?" என்றுதான் கேட்டார்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்து அவள் இன்னும் தலை நிமிர்ந்து வந்து போய்க்கொண்டிருக்கிற வீடாக இருந்தால், பார்த்துச் சொல்கிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

குருசாமி அண்ணன் வீட்டு வாசல் ஒன்றுதான் தானாகக் குறுகியது. மற்ற வாசல்களை எல்லாம் மனுஷர்கள் குறுக்கினார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வெட்கப்பட வேண்டிய காரியத்துக்கு வெட்கப்படாமல், நம் வீட்டு வாசல் குறுகவில்லையே, நம் வளர்ப்பு சரியில்லையோ என்று வெட்கப்பட்ட ஜனம் நாங்கள். ஆளாளுக்குத் தாமோதரன் ஆசாரியைக் கூப்பிட்டு நிலைக்கு மேலே பலகை அடிக்கச் சொன்னார்கள். அடித்தபிறகுதான் அடித்த பலகைக்கு மகள் யார், அப்பன் யார் என்று தெரியாது என்பது அவர்களுக்கு உறைத்தது. கொஞ்ச காலத்துக்கு எங்கள் தெருவில் நெற்றியில் புடைப்பு இல்லாத ஆம்பளையே கிடையாது, புடைப்பைத் தடவிக்கொண்டே கௌரவமாக டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஆசாரியே கீல் வைத்த பலகை செய்து கொடுத்தார். மகள் தெருமுனையில் வருவது தெரிந்தால் இறக்கிவிட்டு, போனதும் மேலே தூக்கி மாட்டிவிடலாம். அந்தப் பலகைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த வீடுகளும் உண்டு.

என் வீட்டுக்காரரும் ஒரு நாள் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தேன். எழுந்திரு என்றார், எழுந்திருக்கவில்லை. "ஆசாரி, பலகை அடிக்கணும்னா என் மேலயே அடிச்சுட்டுப் போங்க" என்றேன். ஆசாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீட்டுக்காரர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, எனக்கும் வீடு அமைதியாக இருந்தது. தரகர் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை, என் மகள் சுடர்விழி கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

நாகஜோதி கர்ப்பமானாள். வளைகாப்பு போட்டு, கை நிறைய வளையலோடு தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, அந்த வழக்கத்தை யார் மீற முடியும். வாசலோ அந்த நேரம் அவள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. உடனே தெருவே கூடி நின்று ஆலோசனை பண்ணியது. இப்படிக் கூடுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கவுன்சிலரிடம் சொல்லிவிட்டு, பாதித் தெருவை அடைத்து, குருசாமி அண்ணன் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டார்கள். கட்டில் வந்தது, அண்ணன் உள்ளேயிருந்து ஒயரை இழுத்து ஃபேன் போட்டுக் கொடுத்தார், ஆளுக்கொரு பக்கமிருந்து கொசுவலையும் பக்கெட்டும் வந்தன. எல்லாருக்கும் அவ்வளவு பெருமை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, பச்சை உடம்போடு வந்து அந்தப் பந்தலில்தான் படுத்தாள் நாகஜோதி, பிறந்தது பெண், யாழினி என்று பெயர் வைத்தார்கள். மழை பெய்தபோது ஆளுக்கொரு தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்தினோம். எவ்வளவு ஒற்றுமையான தெரு பார் என்று வெளியூர்க்காரர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த நிலைக்குப் பக்கத்தில் இருந்தது வெறும் செங்கல் சுவர். கடப்பாறை இல்லாத வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது.

பந்தலுக்குச் சுவர் கிடையாது, அதனால் அங்கே பேசுவது எனக்குக் கேட்கும். ஒரு நாள் காலையில் சீனியம்மாள் மதினி மகளுக்கு உடம்புக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் வெந்நீர் பட்டதும் நாகஜோதி சுருண்டாள். பார்த்தால் விலாவில் கன்றிப்போய்க் கிடக்கிறது.

"என்னடி இது?"

"அவருதான். கர்ப்பத்துல கொஞ்சம் நிறுத்தியிருந்தாரு. கடைசி மாசம் திரும்ப ஆரம்பிச்சுட்டாரு."

"முன்னாடியுமா?"

"மறுவீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அடிச்சாரும்மா. அன்னைக்கு உள்ள வந்து உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். தலையில இடிச்சுச்சு, எல்லாரும் சிரிச்சீங்க."

மதினி செம்பைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குச் சேலையைச் சுற்றிவிட்டாள். வாசலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த குருசாமி அண்ணனுக்கும் அது கேட்டது, கேட்காமல் எப்படி இருக்கும், கைநீட்டினால் தொடுகிற தூரம்தானே. நாகஜோதி அவரைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, நிலை இறங்குதுன்னா சுவரை இடிச்சுடுங்கப்பா. ஒரு ஆள் நுழையற அளவுக்கு இடிச்சாப் போதும், நான் பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துக்கிறேன்."

அண்ணன் மகள்மேல் உயிரையே வைத்திருந்தார், அது பொய்யில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் அண்ணன் கல்யாணம் முடியட்டும்மா. இப்ப சுவரை இடிச்சா, அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்றார்.

நாகஜோதி கைப்பிள்ளையோடு சாத்தூருக்கே திரும்பிப் போனாள், யாழினி ஓடியாடிப் பேசப் பழகின பிறகுதான் ஜெயவேல் கல்யாணம் முடிந்தது. வந்த பெண் முத்துச்செல்வி நல்ல குணம், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பிறந்த வீட்டில் கீல் பலகைகூட இல்லை, அவள் அப்பா ஒரே அடியாகச் சிமெண்ட் பூசியே வாசலைக் குறுக்கியவர், அதைக் கேள்விப்பட்டுத்தான் ஜெயவேலுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்துப்போனது. அந்தக் கல்யாணம் மண்டபத்தில் நடந்ததால் நாகஜோதி நாத்தனார் முறைக்கு எல்லாருக்கும் நடுவில் நின்று விளக்குப் பிடித்தாள். அன்றைக்கு ஒரு நாள் அவள் தலை நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். அப்பா சொன்ன வாக்கை நம்பிக்கொண்டு நின்றிருக்கிறாள். குருசாமி அண்ணனும் மறக்கவில்லை, தை பிறக்கட்டும் என்றார், தை பிறந்தது, மாசி மகம் போகட்டும் என்றார், பங்குனியில் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பிணத்தைக் குளிப்பாட்டித் தெருவில் பந்தலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். நாகஜோதி சாத்தூரிலிருந்து வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் எல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு அழ, இவள் சத்தமே போடாமல், "இப்பவாவது நீங்களே வெளிய வந்துட்டீங்களேப்பா" என்றாள். 

எங்கள் பக்கத்தில் புருஷன் போனால் வருஷம் திரும்பும்வரை பெண்டாட்டி வாசப்படி தாண்டக்கூடாது. அதனால் சீனியம்மாள் மதினி உள்ளேயே இருந்தாள், நான் இந்தப் பக்கம் என் வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்க, அவள் அந்தப் பக்கம் உள்ளே உட்கார்ந்து பருப்புப் பொறுக்க, தெருவுக்குக் குறுக்காகவே பேசிக்கொள்வோம். மகளோடு போனில் பேசுவாள். பேசி முடித்ததும் முகத்தைப் பார்த்தால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும், நான் கேட்க மாட்டேன்.

அப்படி நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து நாகஜோதி நடந்து வந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது, கையில் ஒரு ஒயர்கூடை, பக்கத்தில் யாழினி, காலில் செருப்பில்லை. தெரிந்த மாதிரி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். யாழினி பாட்டியைப் பார்த்ததும் அம்மா கையை உதறிவிட்டு ஓடிவந்து, அந்த வாசலில் ஏறி, உள்ளே குதித்து, மதினி மடியில் விழுந்தாள். நாகஜோதி வாசலுக்கு வந்து நின்றாள், காலைத் தூக்கவில்லை, மண்டி போட்டாள். அதற்கே மேல்கட்டை கடகடவென்று இறங்கி, ஒரு தட்டு நுழைகிற அளவுக்கு வந்து நின்றது. அந்தச் சந்து வழியாக அவள் பேசினாள்.

"அண்ணே. நான் திரும்பிப் போறதா இல்ல. போனா என்னைக் கொன்னுடுவாரு. சுவரை இடிண்ணே."

ஜெயவேல் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து உள்ளே நின்றான். அவனுக்கு நேராக நின்று பார்க்க முழு வாசல் இருந்தது, அதனால் அவன் தங்கச்சியின் உச்சந்தலையைப் பார்த்தான்.

"ஜோதி, உனக்குத் தெரியாதா? உன் மதினி மாசமா இருக்கா. பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, சுவரை இடின்னு சொல்றியே."

"அப்ப பிள்ளை பிறந்ததும்?"

"பிறக்கட்டும், பாப்போம். அதுவரைக்கும் நான் என்ன, உன்னை விட்டுருவேனா? இன்னைக்கே பந்தல் போடச் சொல்றேன். மாப்பிள்ளைகிட்டயும் நான் பேசுறேன்."

கூடியிருந்தவர்களுக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. பந்தலுக்குக் கீற்று யார் வீட்டில் கிடக்கிறது என்று அப்போதே இரண்டு பேர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முத்துச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குனிந்து வெளியே நீட்டினாள். "ஜோதி, இடிக்கட்டுமே, நான் வேணா எங்க அப்பா வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தவள், என்ன நினைத்துக்கொண்டாளோ, பாதியில் நிறுத்திவிட்டாள்.

அப்போது சீனியம்மாள் மதினி மடியிலிருந்த பேத்தியை இறக்கி உட்காரவைத்து, ஒரு முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "பந்தல் வேண்டாம்" என்றாள்.

"அம்மா, எங்க போற? வருஷம் திரும்பல, வாசப்படி தாண்டக்கூடாது."

மதினி தாண்டினாள். அவள் தாண்டும்போது வாசல் ஆளுயரம் இருந்தது, நான் பார்த்தேன். தெருவில் மண்டி போட்டிருந்த மகளைத் தூக்கி நிறுத்தி, வீங்கின கண்ணில் முந்தானையை ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாள்.  பிறகு மதினி, "இரு, மாத்துச்சேலை எடுத்துட்டு வந்துடுறேன், உன்னோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, தான் வாக்கப்பட்டு வந்து பிள்ளை பெற்று, புருஷனுக்கு வாய்க்கரிசி போட்ட அந்த வீட்டுக்குள் போகக் காலைத் தூக்கினாள்.

மேல்கட்டை இறங்கியது. தலையில் இடிக்கவில்லை, தோளில் இடிக்கவில்லை, ஆடிக்கும் தீபாவளிக்கும் காத்திருக்கவில்லை, ஒரேயடியாக அவள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. புருஷன் போயாச்சு, வீடு மகன் பேருக்கு வந்தாச்சு, அதான் என்று யாரோ பின்னால் மெதுவாகச் சொன்னது கேட்டது.

"நான் சொன்னேன்ல" என்றான் ஜெயவேல். அவன் குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. பிறகு, "அடுப்புல என்னம்மா வச்சிருக்க?" என்று கேட்டான்.

"பருப்பு. எறக்கி வச்சுக்கோ" என்றாள் மதினி.

எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "மதினி, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க. நம்ம வாசல்ல ஒரு பலகையும் இல்ல, உங்களுக்குத் தெரியும்ல" என்றேன். அவள் என் தோளுக்கு மேலாக என் வீட்டைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நிலையில் ஒரு கையும் கதவில் ஒரு கையுமாக நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை, நகரவும் இல்லை.

"இருக்கட்டும் விஜயா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் லைன் வீடு ஒண்ணு காலியா கிடக்குன்னாங்க, போய்க் கேட்டுப் பாக்குறோம்."

பிறகு மதினி குனிந்து, அந்தச் சந்து வழியாகக் குரல் கொடுத்தாள்: "யாழினி, வெளிய வா தங்கம்."

"அவ எதுக்கும்மா வெயில்ல?" என்றான் ஜெயவேல். "பிள்ளை இங்கயே இருக்கட்டும். அவளுக்குத்தான் வாசல் சரியா இருக்கே."

"இப்ப சரியாத்தான் இருக்கும். அவங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. நீ அவளை அனுப்பு."

யாழினி முறுக்கும் கையுமாக வந்தாள். வாசப்படியில் நின்று, மேல்கட்டையைத் தொட எம்பி எம்பிக் குதித்துப் பார்த்தாள், அவள் கைக்கு அது எட்டவே இல்லை, அவ்வளவு உயரத்தில் இருந்தது. எட்டாததில் அவளுக்கு ஒரே சிரிப்பு. பிறகு தெருவில் குதித்து ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, கதவு இவ்வளவு பெருசா இருக்கே, நீ ஏன் உள்ள வரல?"

தெருவே நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் அதான் என்று சொல்ல வாய் வரவில்லை.